மஞ்சள் பொட்டு வைத்த விசை

குன்சான் துறைமுகத்துக்குப் போகிற பழைய தெருவில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருக்கிறது ஒக்சொங் மகளிர் பள்ளியின் முன்னாள் மாணவியர் சங்கம். பெயர்தான் பெரிது. உள்ளே இரண்டு இரும்பு பீரோ, ஒரு கணினி, ஒரு தொலைபேசி, உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அந்த நாற்காலியில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் பெயர் பியோன் மிரான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பள்ளியில் அவள் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. ஆனால் அங்கே படித்த பத்தொன்பதாயிரம் பெண்களில் யார் எந்த பேட்ச், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யாருடைய வீட்டுக்காரர் போன வருடம் தவறினார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. புசானிலிருந்தும் கனடாவிலிருந்தும் கூப்பிடுவார்கள். "மிரான், நம்ம பேட்ச்ல பல் எடுப்பா ஒருத்தி இருப்பாளே, நல்லாப் பாடுவா, அவ பேரு என்னடி?" இப்படிக் கேட்டால் எந்தக் கணினி பதில் சொல்லும்? மிரான் சொல்வாள்.

யாராவது இறந்துவிட்டால் முதல் ஃபோன் இங்கேதான் வரும். மிரான் அந்த பேட்ச்சுக்கு முழுக்கச் செய்தி அனுப்புவாள். ஊதாப் பட்டில் தங்க நூல் குஞ்சம் வைத்த சங்கத்துக் கொடியைத் துக்க மண்டபத்துக்கு அனுப்புவாள். வாசலில் எத்தனை கொடி நிற்கிறது, யார் யார் கொடி நிற்கிறது என்றுதானே வருகிறவர்கள் முதலில் பார்க்கிறார்கள்? கொடி வராத சாவு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மிரானுக்கு இது இரண்டாவது நாற்காலி. முதல் நாற்காலி தபால் நிலையத் தொலைபேசி இணைப்பகத்தில். பதினெட்டு வயதில் சேர்ந்தாள். காதில் ஹெட்ஃபோன், இரண்டு கையிலும் கம்பி முனைகள், "எந்த எண் வேண்டும்?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. ஊரிலேயே வேகமான கை அவளுடையது என்று பெயர். நாலு வருடம்தான். தானியங்கி இயந்திரம் வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நாற்காலிகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அந்த நாளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் வேறு பக்கம் பார்ப்பாள்.

இப்போது இரண்டாவது நாற்காலிக்கும் ஆபத்து வந்தது. சங்கத்தின் பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டு சியோல் நிறுவனம் ஒன்றிடமிருந்து புதிது வாங்கினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பெயரைத் தேட ஏழு இடத்தில் மவுஸால் சொடுக்க வேண்டும். பேட்ச்சுக்கு ஒரு பெட்டி, பெயருக்கு ஒரு பெட்டி, ஊருக்கு ஒரு பெட்டி. இதை வடிவமைத்தவன் கையில் கிடைத்தால் அவனை அதே நாற்காலியில் உட்காரவைத்து நூறு பெயர் தேடச் சொல்ல வேண்டும். போன குளிர்காலம்தான் மிரானின் வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மவுஸைத் தொட்டாலே சுரீர் என்றது.

போதாக்குறைக்கு அந்த மென்பொருள் ஒவ்வொரு அழைப்புக்கும் எத்தனை நொடி ஆயிற்று என்று குறித்து வைத்தது. செயலாளர் தாக் இன்ஜா அந்தக் கணக்கைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முப்பத்தோராவது பேட்ச், அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரம்மா. சுற்றி வளைத்துப் பேசவே தெரியாது.

"மிரான், போன மாசம் சராசரி மூணு நிமிஷம். அக்காமாரெல்லாம் எனக்கு ஃபோன் போட்டுப் புலம்புறாங்க."

"இது புதுசு, செயலாளரம்மா. கை பழகணும்."

"இந்த மாசக் கடைசிக்குள்ள சராசரி ஒரு நிமிஷத்துக்குக் கீழ வரணும். இல்லைன்னா அந்தக் கம்பெனிக்காரங்களே சியோல்ல உக்காந்துகிட்டு ஃபோன் எடுப்பாங்களாம். ஆபீஸைக் காலி பண்ணிடலாம்னு கமிட்டி சொல்லுது. உன் முகத்துக்கு நேரா சொல்லிடுறேன், பின்னாடி தெரிஞ்சா வருத்தப்படுவ."

அறுபது வயதில், கோணல் மணிக்கட்டோடு, மிரானை வேறு எங்கே உட்கார வைப்பார்கள்? அன்று மத்தியானமே மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். குவாக் என்று ஒருவர் எடுத்தார். குரலிலேயே கொட்டாவி.

"மவுஸைத் தொடாம இதை ஓட்ட வழி இருக்கா, தம்பி?"

"இருக்கு மேடம். குறுக்குவிசைன்னு ஒரு மெனு இருக்கு. நீங்க செய்யுற வேலையை வரிசையா ஒரு தடவை செஞ்சு காட்டினா அது ஞாபகம் வச்சுக்கும். அப்புறம் ஒரே கீ, எல்லாம் தானா நடக்கும். யாரும் பயன்படுத்தினதில்லை."

"ஏன் யாரும் பயன்படுத்தல?"

"யாரும் கேக்கலை, மேடம்."

இதைக் கேட்டு மிரானுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மூன்று நாள் குவாக்கை உண்டு இல்லை என்று ஆக்கினாள். மேல் வரிசை விசைகளில் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுகிற வண்ணப் பொட்டுகளை ஒட்டினாள். மஞ்சள் பொட்டை அழுத்தினால் பெயர்த் தேடல். பச்சைக்கு பேட்ச். சிவப்புக்குத் துக்கச் செய்தி, பெயரும் மண்டபமும் அடித்தால் போதும், மீதி வாசகம் தானாக வந்து உட்காரும்.

மஞ்சளில் மட்டும் ஒரு தொல்லை. கிம் யொங்சுக் என்று அடித்தால் அறுபத்திரண்டு பேர் வந்து திரையில் நின்றார்கள். படித்து முடித்தவர்கள், இடையில் நின்றுபோனவர்கள், வேறு பள்ளிக்கு மாறியவர்கள், எல்லாரும் ஒரே கூட்டமாக.

"படிப்பை முடிச்சவங்கன்னு ஒரு பெட்டி இருக்கு பாருங்க. பதியும்போது அதையும் டிக் பண்ணிட்டா கூட்டம் குறையும்" என்றார் குவாக். "ஆனா மத்தவங்க வரமாட்டாங்க, பரவாயில்லையா?"

"நடுவுல நின்னவங்களை யாரு தேடப் போறாங்க? டிக் பண்ணிடலாம்" என்றாள் மிரான்.

அவ்வளவுதான், கை பறந்தது. மணி அடிக்கும், இடது கை ஃபோனை எடுக்கும், வலது கை சுண்டுவிரல் மஞ்சளைத் தட்டும், எதிர்முனை பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் திரையில். பதினைந்து நொடி, இருபது நொடி. அதற்கு மேல் போனது கிடையாது. இணைப்பகத்துப் பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று அவளுக்கே தோன்றியது. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள், பாவம்.

இருபத்து மூன்றாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு ஒரு ஆண் குரல். தூங்காத குரல்.

"ஒக்சொங் சங்கமா? எங்கம்மா நேத்து தவறிட்டாங்க. உங்க ஸ்கூல்தான்னு எப்பவும் சொல்லுவாங்க. என்ன பேட்ச்னு தெரியலை. பேரு தோ மல்சுன்."

மஞ்சள். பெயர். தட்டு. திரையில் பளிச்சென்று பதில் வந்தது.

"அப்படி யாரும் எங்க பட்டியல்ல இல்லைங்க."

"இல்லையா? நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேங்க. இல்லை."

அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. பிறகு ஃபோன் வைக்கப்பட்டது. திரையின் மூலையில் ஒன்பது நொடி என்று விழுந்தது. அந்த மாதத்திலேயே மிக வேகமான அழைப்பு அதுதான். மிரான் அடுத்த ஃபோனை எடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து, கிம்பாப் சோற்றுச் சுருளைப் பிரித்தபோது அந்தப் பெயர் தொண்டையில் நின்றது. தோ. எத்தனை பேருக்கு அந்தக் குடும்பப் பெயர் இருக்கும்? வேலையில் சேர்ந்த முதல் வருடம் பழைய பதிவேடுகளைப் பார்த்து அதுவரை சேர்ந்த அத்தனை பெயரையும் இதே விரல்களால் அடித்தவள் அவள். தோ என்று தொடங்கியவை ஏழோ எட்டோ. அதில் ஒன்று மல்சுன். அடித்திருக்கிறேனே!

கிம்பாப்பை அப்படியே வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டியதில் கிடைத்தது, எழுபத்து மூன்றில் சேர்ந்த முப்பத்தோராவது பேட்ச்சின் பதிவேடு. ஒன்றாம் ஆண்டு, நாலாவது பிரிவு, நாற்பத்தேழாம் எண். தோ மல்சுன். பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், இரண்டாம் ஆண்டு அக்டோபர், குடும்பச் சூழ்நிலை காரணமாக நின்றுவிட்டாள் என்று யாரோ ஒரு ஆசிரியரின் கையெழுத்து. அந்தக் காலத்தில் ஒட்டுப்பலகை ஆலை வாசலில் இந்த ஊர்ப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

கணினிக்கு ஓடி அந்த டிக்கை எடுத்துவிட்டுத் தேடினாள். வந்தாள் மல்சுன், ஒரு தாமதமும் இல்லாமல். கூடவே எண்ணிப் பார்த்தாள். மஞ்சள் பொட்டு இத்தனை நாளாக ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களை மறைத்து வைத்திருந்தது. நடுவில் நின்றவர்களை யார் தேடப் போகிறார்கள் என்று கேட்டது அவளுடைய வாய்தானே? சங்க விதியின் மூன்றாவது வரியே, இந்தப் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொருவரும் முழு உறுப்பினர் என்றுதான் தொடங்குகிறது.

மகனின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஊரில் ஐந்து துக்க மண்டபம். கொடி அனுப்பி அனுப்பி வரவேற்பு மேசைக்காரர்கள் எல்லாரும் பழக்கம், ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மூன்றாவது மண்டபத்தில் சொன்னார்கள், தோ மல்சுன், இரண்டாம் எண் அறை, நாளை காலை பெட்டி எடுக்கிறார்கள்.

செய்தி அனுப்ப வேண்டும். சிவப்புப் பொட்டைத் தட்டியதும் திரை ஒரு கேள்வி கேட்டது. புதிய கோரிக்கையா, ஏற்கெனவே முடிந்த ஒன்பது நாற்பது அழைப்பின் கோரிக்கையைத் திரும்பத் திறக்கவா? மிரான் குவாக்கைக் கூப்பிட்டாள்.

"புதுசுன்னு போடுங்க மேடம்" என்றார் குவாக். "திரும்பத் திறந்தா காலையிலருந்து மொத்த நேரமும் அந்தக் கணக்குல ஏறிடும். உங்க மாசச் சராசரி போயிடும். காலையில வந்தது ஒன்பது நொடியில முடிஞ்சதாவே இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

"அது முடியலையே, தம்பி. அந்த மனுஷன் கேட்டது ஒன்பது நாற்பதுக்கு. நான் இன்னும் பதில் சொல்லலையே."

"மேடம், உங்க வேலை..."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, பழையதைத் திறந்தாள். நான் வேலையை விட்டுத் தொலைக்கிறேனா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

செய்தி முப்பத்தோராவது பேட்ச் முழுக்கப் போயிற்று. போய் ஒரு நிமிடத்துக்குள் ஃபோன். வேறு யார், தாக் இன்ஜாதான்.

"எந்த மல்சுன்? நாலாவது பிரிவு மல்சுனா?"

"ஆமாங்க, செயலாளரம்மா."

"எப்பத் தகவல் வந்துச்சு?"

இங்கே ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும். இப்போதுதான் என்று. மிரான் கண்ணை மூடிக்கொண்டாள். "காலையில ஒன்பது நாற்பதுக்கு. அவங்க மகன் கேட்டாரு. நான் அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன். படிச்சு முடிச்சவங்க மட்டும் வரட்டும்னு மஞ்சள் பொட்டு ஒட்டின குறுக்குவிசையில டிக் போட்டிருந்தேன். நான் வச்ச தப்பு."

எதிர்முனையில் ஃபோன் வைக்கப்பட்டது.

கொடி கொண்டுபோகிற வண்டிக்காரர் சாயங்காலம்தான் வருவேன் என்றார். சாயங்காலம்வரை பொறுக்க மிரானால் ஆகாது. கொடிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழற்றிய கம்பத்தைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.

"என்னக்கா, மீன் பிடிக்கவா?" என்றார் ஓட்டுநர்.

"ஆமா, தப்பிச்ச மீன் ஒண்ணு" என்றாள். சொன்ன பிறகு சிரிக்க முடியவில்லை.

மண்டபத்தில் இரண்டாம் அறை வாசலில் வெள்ளைச் செவ்வந்தி வளையங்கள் நாலு. மீனவர் கூட்டுறவுச் சங்கக் கொடி ஒன்று, மகனின் கம்பெனிக் கொடி ஒன்று. மல்சுனுக்கென்று எதுவும் இல்லை. கையில் துக்கப் பட்டை கட்டிய மகன் எழுந்து வந்தான். ஹான் கிதே என்று பெயர், நாற்பது வயது இருக்கும். ஊதாப் பட்டைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது.

"காலையில ஃபோன்ல பேசினது நீங்கதானே?"

"நான்தாங்க. தப்பாச் சொல்லிட்டேன். அம்மா பேரு இருக்கு."

"நான் அதை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், தெரியுமா?" என்றான் அவன். "எங்க அத்தை நாப்பது வருஷமா எங்கம்மாவைக் கேலி பண்ணுவாங்க. ஒக்சொங் ஸ்கூலாம், வாசலையாவது மிதிச்சிருப்பாளான்னு. இன்னிக்கு ஒரு நாளாவது அவங்க வாயை மூடணும்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி வச்சேன். நீங்க என்ன சொன்னீங்க?"

ஒன்பது நொடி. அந்த ஒன்பது நொடியில் மிரான் ஒரு செத்த மனுஷியை அவள் வீட்டார் முன்னாலேயே பொய்க்காரி ஆக்கிவிட்டாள். இடுப்பு வளையக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"எனக்கு எதுக்குங்க கும்பிடு?" என்றான் கிதே. "காலையில சொன்ன மாதிரியே இப்பவும் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

உள்ளே தாழ்ந்த மேசைகளில் உறவுக்காரர்கள் காரக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சுருள் முடியோடு உட்கார்ந்திருந்தவள்தான் அத்தை, கேட்காமலே தெரிந்தது. மிரான் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கொடியைக் கம்பத்தில் மாட்டி, மல்சுன் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, குஞ்சத்தைச் சரிசெய்தாள். பிறகு திரும்பி, முப்பத்தெட்டு வருடமாக எடுக்காத அந்த இணைப்பகத்துக் குரலை எடுத்தாள்.

"ஒக்சொங் மகளிர் பள்ளி முன்னாள் மாணவியர் சங்கத்துலருந்து வந்திருக்கேன். தோ மல்சுன். முப்பத்தோராவது பேட்ச். ஒண்ணாம் வருஷம் நாலாவது பிரிவு, எண் நாப்பத்தேழு. ரெண்டாம் வருஷம் அக்டோபர்ல குடும்பத்துக்காகப் படிப்பை நிறுத்தினாங்க. எங்க சங்கத்துல முழு உறுப்பினர். காலையில இல்லைன்னு சொன்னது என் தப்பு. அவங்க சொன்னது அத்தனையும் நிஜம்."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முடிக்கலையே" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல்.

"வாசலை மிதிச்சாங்க இல்ல, அத்தை?" என்றான் கிதே. அத்தை குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கிதே அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதான்.

அப்போது மணி இரண்டு பத்து. மிரான் கைபேசியிலேயே சங்கத்து மென்பொருளைத் திறந்து அந்தக் கோரிக்கையை முடித்தாள். நாலரை மணி நேரம் என்று விழுந்தது. வெளியே வரும்போது கறுப்பு உடையில் பதினோரு பெண்கள் மண்டப வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னால் தாக் இன்ஜா. மிரானைப் பார்த்தாள், நேராக உள்ளே போய்விட்டாள்.

மாதக் கடைசி நாள் வந்தது. மிரான் காலையிலேயே தன் தேநீர்க் கோப்பையையும், மணிக்கட்டுக்கு வைக்கிற சின்னத் தலையணையையும் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டாள். இந்த முறை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. பதினொரு மணிக்குத் தாக் இன்ஜா தாளோடு ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"முந்நூறு அழைப்பு. சராசரி ஒரு நிமிஷம் பதினாலு நொடி" என்றாள்.

"தெரியும், செயலாளரம்மா. பையைக் கட்டிட்டேன்."

"அந்த ஒரே ஒரு அழைப்பை எடுத்துட்டா இருபது நொடி வருது."

"அதை எடுக்க முடியாதுங்க."

"எடுக்கச் சொல்லலை." தாக் இன்ஜா நின்றபடியே தாளை நாலாக மடித்தாள். "நேத்து சியோல்ல அந்தக் கம்பெனிக்காரங்க நமக்காகச் சோதனைக்குத் திறந்து வச்ச எண்ணுக்கு நானே ஃபோன் போட்டேன். யாருன்னு சொல்லலை. முப்பத்தோராவது பேட்ச் தோ மல்சுனைத் தேடுறேன்னு சொன்னேன். நாலு நொடி, மிரான். நாலே நொடி. 'அப்படி யாரும் இல்லைங்க'ன்னு அவ்வளவு மரியாதையாச் சொல்லிட்டு வச்சிட்டாங்க. அவங்களும் படிப்பை முடிச்சவங்களை மட்டும்தான் பார்த்திருக்காங்க. திரும்ப யாரும் கூப்பிடலை."

தாக் இன்ஜா மடித்த தாளைக் கைப்பையில் போட்டாள்.

"எனக்குப் பின் பெஞ்ச் அவ. கணக்கு வராதப்போ பின்னாலருந்து பென்சிலால குத்தி விடையைச் சொல்லுவா. ஒரு நாள் அந்த இடம் காலியா இருந்துச்சு. யாரும் எங்கன்னு கேக்கலை. நானும் கேக்கலை. அம்பது வருஷம் நானும் அந்த டிக்கைப் போட்டுத்தான் வச்சிருந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கமிட்டிகிட்ட நான் பேசிட்டேன். கத்தினாங்க. நானும் கத்தினேன். ஆபீஸ் இங்கேயேதான் இருக்கும். அதை விடு. எங்க இருக்கு அந்த மஞ்சள் பொட்டு?"

"மேல் வரிசையில, ரெண்டாவது. இப்ப சரி பண்ணிட்டேன், எல்லாரும் வருவாங்க. அஞ்சு நொடி கூட ஆகும்."

"ஆகட்டும்."

தாக் இன்ஜா பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கணினி முன்னால் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் மஞ்சளை அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். மல்சுன் வந்தாள், நாற்பத்தேழாம் எண்ணோடு. அந்த வரியைப் பார்த்தபடி அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தொலைபேசி அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. மிரானுக்குக் கை பரபரத்தது, பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

"செயலாளரம்மா, கொஞ்சம் எந்திரிங்க" என்றாள். "அது என் நாற்காலி."